நாற்பது சதவீதக் கசிவு

என் பெயரில் ஒரு நோய் கிடையாது, ஒரு மருந்து கிடையாது. ஒரு மார்க் மட்டும் இருக்கிறது. அரசாங்கக் கோப்புகளில் அதை 'மீள்கசிவு விகிதம்' என்று எழுதுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரரிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் வரை எல்லோருக்கும் அது 'பூபதி மார்க்'. கூட்டங்களில் யாராவது அப்படிச் சொல்லும்போது நான் தலையைக் குனிந்து, வெட்கப்படுவதுபோல் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன்.

ஒரு காலத்தில் இதய வால்வுக் கசிவை எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பதென்றால் நோயாளியைக் குழாய்க்குள் படுக்கவைத்து, 'மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க' என்று முக்கால் மணி நேரம் பாடுபடுத்துவோம். அந்த முக்கால் மணியில் அவர் ஒரு யோகியைப்போல் கிடப்பார். வீட்டுக்குப் போய் மருமகனைப் பார்த்ததும் ரத்த அழுத்தம் ஏறும், கசிவும் கூடவே ஏறும். அது எங்கள் படத்தில் வராது. நான் செய்தது இதுதான்: இரண்டு பக்கமும் திறந்த, சத்தமில்லாத கருவியில் நோயாளி ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்கட்டும், மூச்சு விடட்டும், காதில் மாட்டிய கருவி வழியே வீட்டு ஆட்களிடம் பேசட்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ரத்தம் பின்னால் திரும்புகிறது என்று கணினி எண்ணி, ஒரு மணி நேரச் சராசரியைச் சதவீதமாகச் சொல்லும். நிஜ வாழ்க்கையின் கசிவு!

அரசாங்கத்துக்கு அது பிடித்துப்போயிற்று. வால்வைச் சரிசெய்யும் இயந்திரங்கள் மாநிலத்தில் ஆறுதான் இருந்தன, காத்திருப்பவர்களோ பல ஆயிரம். ஒரு கோடு போட்டுத் தாருங்கள் என்றார்கள். நான் போட்டேன். நாற்பதும் அதற்கு மேலும் என்றால் அறுவை சிகிச்சை. கீழே என்றால் மாத்திரை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். இதயம் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு தேர்ச்சி. இப்படி ஒரு பரீட்சையை என்னைப்போல் வாழ்க்கை முழுக்க முதல் மாணவனாக இருந்தவன்தான் கண்டுபிடித்திருக்க முடியும்.

மூன்றே மாதத்தில் மக்கள் என் பரீட்சைக்கு பிட் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அன்பான மனைவியும் மகளும் மைக் முன்னால் உட்காருவது நின்றுபோனது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருபது வருடமாகப் பேசாத ஓரகத்தியை அழைத்துவந்தார். முப்பத்தேழில் இருந்தவர் நாற்பத்தொன்று வாங்கிப் போனார். ஊராட்சித் தேர்தலில் தோற்றவர், தன்னைத் தோற்கடித்தவரையே கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவரும் பெருந்தன்மையாக வந்து ஒரு மணி நேரம் தன் சாதனைகளைச் சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தாறு.

ஆட்களை அழைத்துவரத் தெம்பில்லாதவர்கள், எதிரிகளே இல்லாத அப்பாவிகள், முப்பத்தொன்பதிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். முப்பத்தொன்பது புள்ளி எட்டு வாங்கிய ஒரு தையல்காரர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விதின்னா விதிங்க," என்றேன். அவர் அடுத்த ஸ்கேனுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலைப்பொழுது என் அறைக்கு அண்ணி வந்தார்.

பூங்கொடி அண்ணியை நான் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பெரிய அண்ணன் நாச்சிமுத்துவின் மனைவி. அண்ணன் பல்லடம் பக்கம் மோட்டார் மெக்கானிக். கிணற்று மோட்டார், போர் மோட்டார், எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே நோவைச் சொல்லிவிடுவார். அண்ணி உட்காரவில்லை.

"தம்பி, உங்கண்ணனுக்கு வால்வு லீக்கு. ரெண்டு தடவ உங்க மிசினுல படுத்தாச்சு. மொதல்ல முப்பத்தாறு, பொறவு முப்பத்தெட்டு."

"இங்கயா? எனக்கு யாரும் சொல்லலீங்களே அண்ணி."

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. இப்ப நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. ராத்திரி உக்காந்துட்டேதான் தூங்கறாரு. வர்ற வியாழக்கெழம மூணாவது தடவ. அதுக்குத்தான் வந்தேன்."

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன். விதியை வளைக்க முடியாது என்பதை எப்படி மென்மையாகச் சொல்வது என்று யோசித்தேன். என் நேர்மை எனக்கே புல்லரித்தது.

"மார்க்கு போட்டுக் குடுங்கன்னு கேக்க வரலீங்க," என்றார் அண்ணி. "நீங்க வந்து அவருகிட்டச் சண்ட போடோணும்."

"என்னதுங்க?"

"எல்லாரும் ஆகாதவங்களக் கூட்டிட்டு வர்றாங்களாமா. ஊரெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். அந்த மனுசனுக்கு இந்த ஒலகத்துல ஆகாத ஆளுன்னு வேற யாருமே இல்ல தம்பி. நீங்க ஒருத்தருதான்."

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை. சரி என்றேன்.

எங்கள் சண்டை அப்பாவின் சாவில் ஆரம்பித்தது. அப்பா கடைசியாகத் தீவிர சிகிச்சையில் இருந்தபோது நான் வெளிநாட்டில் ஒரு மூன்று மாத ஆராய்ச்சியில் இருந்தேன். மணிக்கொரு தடவை அவருடைய ஆக்சிஜன், சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் போனில் வாங்கி அட்டவணை போட்டேன். அதற்கு வண்ணம்கூடத் தீட்டியிருந்தேன். பத்தொன்பதாம் நாள் அண்ணன் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு நாளில் அப்பா இறந்தார். நான் விமானம் பிடித்து வந்து, உடலைச் சுற்றி ஊரே நின்றுகொண்டிருக்கும்போது, "நம்பரெல்லாம் நல்லா ஏறிட்டிருந்துச்சு. நீதான் கொன்னே" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை 'நீ' என்றேன். அவர் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு நானும் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் கருவியில் படுத்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்; உள்ளேயிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. மைக் முன்னால் டெக்னீசியன் மெஹருன்னிஷா. பத்து வருடமாக அந்தக் கருவியை ஓட்டுகிறாள். என் பெயரிலுள்ள கருவியை எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை இதுவரை வெளியில் சொல்லாதவள்.

"ஐயா, ஆடாமப் படுங்க. பேசலாம். உங்க இதயம் ஒரு துடிப்புக்கு நூறு மில்லி தள்ளுதுன்னு வெச்சுக்கங்க. அதுல எவ்வளவு முன்னால போகுது, எவ்வளவு பின்னால திரும்பி வருதுன்னு இது எண்ணும்."

"கெணத்துக்குள்ள குழாயடியில இருக்கற ஃபுட் வால்வு மாதிரிதானுங்க அம்மிணி," என்று ஸ்பீக்கரில் அண்ணன் குரல் வந்தது. கொஞ்சம் தேய்ந்திருந்தது. "வாசர் போச்சுன்னா ஏத்துன தண்ணி திருப்பிக் கெணத்துக்கே எறங்கிப்போயிரும். மோட்டாரு பாவம், ஓடிட்டே கெடக்கும். தண்ணி வராது. கடேசில காயில் கருகிப்போயிரும்."

"அதேதான் ஐயா."

"அப்ப வாசர மாத்தறதுக்கு மோட்டாரு கருகற வரைக்கும் எதுக்குங்க காத்திருக்கோணும்?"

மெஹர் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். முதல் பத்து நிமிடச் சராசரி, முப்பத்தொன்பது.

அண்ணி என் முழங்கையில் இடித்தார். நான் மைக் முன்னால் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினேன்.

"நான் பூபதி பேசறேன்."

திரையில் கோடு ஒரு துள்ளுத் துள்ளியது. நாற்பத்து மூன்று. அண்ணி கையைக் கூப்பினார். அடுத்த நிமிடம் கோடு இறங்கத் தொடங்கியது. முப்பத்தேழு. முப்பத்தைந்து.

"அப்பாவ ஏன் கூட்டிட்டுப் போனே? யாரக் கேட்டுக் கூட்டிட்டுப் போனே?" என்று ஆரம்பித்தேன். முந்தைய நாள் தாளில் எழுதி வைத்திருந்தேன், பன்னிரண்டு குற்றச்சாட்டுகள், வரிசை எண்ணோடு. "நீ என்ன டாக்டரா? மோட்டாருக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? ஒரு போன் பண்ணுனியா?"

"ம்."

"என்ன ம்? பதில் சொல்லு."

"நீ பேசு."

முப்பத்து மூன்று.

நான் குரலை உயர்த்தினேன். சின்ன வயதில் என் சைக்கிளை எடுத்துப் போய்த் தொலைத்ததைச் சொன்னேன். என் கல்யாணத்துக்குக் கறைபிடித்த சட்டையோடு வந்ததைச் சொன்னேன். ஐந்தாம் எண் தாண்டியதும் குற்றச்சாட்டுகளின் தரம் இறங்கிவிட்டதை நானே உணர்ந்தேன். எட்டாவது, அவர் சாப்பிடும்போது சத்தம் போடுவது.

"சார், நீங்க பேசப் பேசக் குறையுது," என்றாள் மெஹர். முப்பது.

அண்ணி என் காதருகே பல்லைக் கடித்தார். "ஏனுங் தம்பி, இவ்வளவு படிச்சிருக்கறீங்க, நல்லாத் திட்டத் தெரியாதுங்களா?"

பதினோரு வருடத்துக்கு முன்னால் சொன்னதை மறுபடி சொன்னேன். "நீதான் அப்பாவக் கொன்னே."

உள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "ஆமா கண்ணு, அன்னைக்கும் இதத்தான் சொன்னே. அதுக்கப்பறம் ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டே. இன்னும் பேசு. குரலு அப்பிடியே அப்பனாட்டவே இருக்குது."

முப்பது நிமிடம் முடிந்தபோது மொத்தச் சராசரி முப்பத்து நான்குக்கு வந்திருந்தது. நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். உலகத்தில் என் அண்ணனுக்கு ஆகாத ஒரே ஆள் என்று என்னை நம்பி வந்த அண்ணிக்கு என்ன பதில் சொல்வது? எதிரியாக இருக்கக்கூட எனக்குத் தகுதியில்லை.

அப்போது ஸ்பீக்கரில் கேட்டது. "பூபதி?"

நான் பொத்தானை அழுத்தப் போனேன். மெஹர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரையைக் காட்டினாள். முப்பத்தெட்டு.

"பூபதி, போயிட்டியாடா?"

நாற்பத்திரண்டு.

"சார்," என்றாள் மெஹர் மெதுவாக, "மீதி அரை மணி நேரமும் நாப்பத்தாறுக்குப் பக்கத்துல நின்னா, மொத்தச் சராசரி நாப்பதத் தொட்டுடும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பேசாம இருந்தாப் போதும்."

பேசாமல் இருப்பதில் எனக்குப் பதினோரு வருட அனுபவம் இருந்தது. சுலபம் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்தேன்.

"அம்மிணி, என்ற தம்பி அங்க இருக்கறானுங்களா?" என்று அண்ணன் கேட்டார். மெஹர் பொத்தானிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து. "கோவிச்சுட்டுப் போயிட்டானா? நாங்கூட ஒண்ணும் சொல்லலியே." நாற்பத்தேழு.

நிமிடங்கள் போயின. அவர் ஆடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஆடாமல் படுத்திருந்தார். கண் மட்டும் கண்ணாடிப் பக்கம் சரிந்து சரிந்து வந்தது. என்ன பேசினால் நான் திரும்பி வருவேன் என்று தேடுகிறவரைப்போல் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். சைக்கிள் தொலையவில்லையாம், யாரோ கேட்டார்களென்று கொடுத்துவிட்டாராம். கல்யாணச் சட்டையில் இருந்தது கிரீஸ் கறையாம், மண்டபத்து மோட்டார் ஓடவில்லை என்று பந்திக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு வந்தாராம். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தார். நாற்பத்தொன்பது.

"அப்பன் மூஞ்சில மாட்டியிருந்த குழாயப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாருடா. கையக் கட்டிப்போட்டிருந்தாங்க. உன்ற நம்பருல அது வந்திருக்காது. நான் பாத்துட்டு நின்னேன். எனக்கு வேற தெரியல பூபதி."

ஐம்பத்து நான்காவது நிமிடம். மொத்தச் சராசரி முப்பத்தொன்பது புள்ளி ஏழு. இன்னும் ஆறு நிமிடம் வாயை மூடியிருந்தால் என் அண்ணன் பிழைப்பார். கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

நான் பொத்தானை அழுத்தினேன்.

"இங்கதான் இருக்கறேங்ண்ணா. எங்கயும் போகலீங்ண்ணா."

கோடு சரிந்தது, குழந்தை தூக்கத்தில் சாய்வதைப்போல. முப்பத்து மூன்றில் போய் நின்றது. மிச்சமிருந்த ஆறு நிமிடமும் நாங்கள் இருவரும் ஏதோ பேசினோம், எதுவும் எனக்கு நினைவில்லை. இறுதி அறிக்கை முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. தோல்வி.

அண்ணி என்னைத் திட்டவில்லை. சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் வெளியே வந்து என் தலையைத் தடவி, "என்னடா இப்பிடி நரச்சுப்போயிட்டே?" என்றார். பிறகு அறிக்கையை வாங்கிக் கையை நீட்டித் தூர வைத்துப் படித்தார்.

"இந்த நாப்பது எப்பிடிடா வந்துச்சு?"

"ஆராய்ச்சியில…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "முப்பத்தாறுலருந்து நாப்பத்தி நாலு வரைக்கும் நோயாளிங்களுக்குள்ள பெருசா வித்தியாசமில்லீங்ண்ணா. எங்கயாவது ஒரு கோடு போடோணும். ஞாபகம் வெச்சுக்கச் சுலபமா இருக்கட்டுமேன்னு நாப்பது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "எத்தன பேரடா முப்பத்தொம்பதுல திருப்பி அனுப்பிச்சே?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தையல்காரரின் பெயர்கூட நினைவில்லை. பதிவேட்டில் தேடினேன். சுப்புராயன். அவர் மனைவிக்குப் போன் செய்தேன். இறந்து நான்கு மாதமாகியிருந்தது. நான் யார் என்று அந்த அம்மாள் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். பூபதி என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுவாரம் இந்த அறுவை சிகிச்சைத் திட்டத்தை நடத்தும் அரசுக் குழுவின் முன்னால் போய் நின்றேன். மார்க்கை மட்டும் பார்க்கக் கூடாது, இதயம் எவ்வளவு வீங்கியிருக்கிறது, ஆள் படியேற முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றேன். என் கோட்டை நானே அழிக்க ஒரு மணி நேரம் வாதாடினேன். குழுவின் தலைவர் ஓர் அம்மையார். கடைசிவரை கேட்டுவிட்டு, "திடீர்னு ஏன் டாக்டர் இந்த ஞானோதயம்? உங்க சொந்தக்காரங்க யாராவது பட்டியல்ல இருக்காங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் நிறைவேறியிருக்கும். "எங்கண்ணன் இருக்கறாருங்க," என்றேன். ஸ்கேன் அறையில் நான் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சுப்புராயனைப் பற்றியும் சொன்னேன்.

தீர்ப்பு நான்கு வரியில் வந்தது. திருத்தம் ஏற்கப்படுகிறது, ஆனால் அடுத்த ஏப்ரலிலிருந்து. நாச்சிமுத்துவின் ஸ்கேன் செல்லாது, திருச்சி மையத்தில் புதிதாக எடுக்க வேண்டும், பழைய விதிப்படி நாற்பது. அறிக்கையில் கையெழுத்தாகும்வரை டாக்டர் பூபதி அந்த வளாகத்தில் கால் வைக்கக் கூடாது. டாக்டர் பூபதி திட்டத்தின் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஏப்ரலுக்கு ஏழு மாதம் இருந்தது. அண்ணனுக்கு அவ்வளவு நாள் இருக்குமா என்று எந்தக் கருவியும் சொல்லாது.

"நான் உள்ள வர முடியாதுங்ண்ணா, தடை போட்டுட்டாங்க," என்று போனில் சொன்னேன்.

"செரி விடு. வேலையப் பாரு," என்றார் அண்ணன்.

ஸ்கேன் நாளன்று காலை நான் திருச்சியில்தான் இருந்தேன். மையத்துக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் ஒரு பேக்கரி. அதற்குத் தடையில்லை. வந்திருப்பதை அண்ணியிடமும் சொல்லவில்லை. விதியை மீறியதாகிவிடுமோ என்ற பயம், விதி போட்டவனின் வியாதி. பதினொன்றரைக்கு அண்ணியின் போன் வந்தது.

"தம்பி! நாப்பத்தி நாலு! நாப்பத்தி நாலு புள்ளி ரெண்டு! அடுத்த திங்கக்கெழமையே ஆபரேசனாமா!"

"யாருங்க அண்ணி சண்ட போட்டாங்க?"

"யாருமே பேசலீங்க. நாந்தான் பயந்துட்டு மைக்குப் பக்கமே போகல." அண்ணியின் குரல் இறங்கியது. "இங்க மிசினு ஓட்டற பொண்ணுகிட்ட ரெண்டு மூணு தடவ கேட்டாரு. என்ற தம்பி வந்துட்டானுங்களா, வெளியில நிக்கறானுங்களான்னு. நீங்க வரமாட்டீங்கன்னு தெரியுமுல்ல, பொறவும் கேக்கறாரு. முன்னால ரெண்டு தடவையும் இப்பிடிக் கேட்டதில்லீங்க."

முன்னால் இரண்டு தடவையும் அவர் என்னை எதிர்பார்க்கவில்லை. இப்போது எதிர்பார்த்திருக்கிறார். அந்த வித்தியாசம் ஆறு மார்க் இருக்குமோ, எட்டு இருக்குமோ. முன்பென்றால் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

"ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டாங்களா அண்ணி?"

"போட்டு, சீலு குத்தி, கையில குடுத்துட்டாங்க. ஏனுங்?"

"அண்ணன வெளிக்கேட்டுக்குக் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, பாதி குடித்த டீயை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தேன்.